மணவிலக்கும் மனைவியின் பங்கும்

(கட்சி உறுப்பினர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1989 மார்ச் 3 அன்று ஜாம்ஷெட்பூரில், டாடா எஃகு ஆலையின் நிறுவனர் நாள் விழாவில் தீ விபத்து நேர்ந்தது. மாண்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இழப்பீட்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அங்கே ஒரு சிக்கல் எழுந்தது. இறந்த பெண்களில் பலர் இல்லத்தரசிகள். சம்பளச் சீட்டு என்ற ஒன்றை வாழ்நாளில் கண்டறியாதவர்கள். வருமானமே இல்லாதவரின் இறப்பால் குடும்பத்துக்கு ஏற்பட்ட வருமான இழப்பை எப்படிக் கணக்கிடுவது? 2001இல் வந்த தீர்ப்பு, அவர்கள் குடும்பத்துக்கு ஆற்றிய பணிகளின் மதிப்பை மாதம் 3,000 ரூபாய் என்று கணக்கிட்டது. முதியவர்களுக்கு அதைவிடக் குறைவாக நிர்ணயித்தது.

அதற்குப் பின்னர் சாலை விபத்து வழக்குகளில் இந்தக் கணக்கு நிலைபெற்றுவிட்டது. 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் உச்ச நீதிமன்றம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சை எடுப்போருடனும் சிறைக் கைதிகளுடனும் ஒரே பட்டியலில் வைத்து, பொருளுற்பத்தியில் ஈடுபடாதோர் என்று வகைப்படுத்தியதைக் கண்டித்தது. 2021 ஜனவரியில் நீதியரசர் என்.வி.ரமணா இன்னொரு வழக்கில், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வீட்டு வேலையே முதன்மைத் தொழில் என்று கூறிய பெண்கள் 15.98 கோடிப் பேர், ஆண்கள் 57.9 லட்சம் பேர் மட்டுமே என்று எடுத்துக்காட்டினார். அந்த உழைப்பு நாட்டின் பொருளாதாரத்துக்கு மெய்யான பங்களிப்பு என்றும் எழுதினார்.

இவை வரவேற்கத்தக்க தீர்ப்புகளே. ஆயினும், இதே பெண் லாரியில் அடிபடாமல் உயிருடன் இருக்கிறார், இருபது ஆண்டு மணவாழ்க்கைக்குப் பின்னர் கணவனைப் பிரிகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நீதிமன்றம் கேட்கும் கேள்விகள் வேறு. அவருடைய தேவை என்ன? கணவனின் வசதி என்ன? அவர் தாமே பிழைத்துக்கொள்ள இயலுமா? இருபது ஆண்டுகளில் அந்த வீட்டில் சேர்ந்த செல்வத்தில் அவருடைய உழைப்பின் அளவு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டு, அதை உரிமையாக அவர் கையில் கொடுக்கும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. இல்லத்தரசியின் உழைப்புக்கு அவர் இறந்தால் விலை உண்டு, பிரிந்தால் இல்லை. மணவிலக்கில் நியாயமான பொருளாதாரத் தீர்வு என்ற பேச்சு இந்த முரண்பாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு நாளின் ஐந்து மணி நேரம்

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண் அவற்றுக்காக நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் சராசரியாக 299 நிமிடம். ஆணின் நேரம் 97 நிமிடம். 2024ஆம் ஆண்டு ஆய்வில் இவை முறையே 289 ஆகவும் 88 ஆகவும் உள்ளன. இருவரின் நேரமும் சற்றுக் குறைந்தது, இடைவெளி அப்படியே நின்றது. சமையல், துவைப்பு, தண்ணீர் எடுத்தல், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புதல், மாமனாருக்கு மருந்து கொடுத்தல் ஆகியவற்றைச் செய்ய ஒருவர் இருப்பதால்தான் மற்றொருவர் இரவு ஷிப்டுக்குப் போக முடிகிறது. ஓவர்டைம் பார்க்க முடிகிறது. பதவி உயர்வு கேட்க முடிகிறது. உழைப்புச் சக்தியின் மறுவுற்பத்தி என்று வகுப்புகளில் சொல்லப்படுவது இதுதான். தொழிலாளியின் கூலியில் இந்த உழைப்பும் அடங்கியிருக்கிறது. ஆனால் கூலி ஒருவர் பெயரில் மட்டுமே வருகிறது. கூலியிலிருந்து மிச்சம் பிடித்து வாங்கிய மனையும் அவர் பெயரிலேயே பதிவாகிறது.

சோவியத் அனுபவம் இங்கே கருதத்தக்கது. 1918ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம், திருமணம் கணவன் மனைவியரிடையே பொதுச் சொத்து எதையும் உருவாக்காது என்றது. அவரவர் சம்பாதித்தது அவரவருக்கு. மனைவியின் சொத்தைக் கணவன் விழுங்கிவந்த பழைய உலகில் அது மாபெரும் முன்னேற்றம். ஆனால் நடைமுறையில், ஆலையில் வேலை கிடைக்காமல் வீட்டிலேயே உழைத்த மனைவிக்கு மணவிலக்கின்போது கையில் எதுவும் மிஞ்சவில்லை. எட்டே ஆண்டுகளில் அந்தத் தவறு திருத்தப்பட்டது. திருமண காலத்தில் ஈட்டிய சொத்து இருவருக்கும் பொது என்று 1926ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்தது. தனித்தனிச் சொத்து என்ற சமத்துவம், சம்பாதிக்கும் வாய்ப்பு சமமாக இல்லாத இடத்தில் சமத்துவமாகாது என்பதை அவர்கள் பட்டறிந்து கற்றார்கள். இந்தியா இன்னும் அந்த 1918ஆம் ஆண்டு நிலையிலேயே நிற்கிறது.

ஜீவனாம்சத்தின் வரலாறு

இந்தியச் சட்டம் கொடுப்பது பங்கன்று, பராமரிப்பு. அதன் பிறப்பிடத்தைப் பார்த்தால் தன்மை விளங்கும். 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவில் ஆங்கிலேய அரசு இதை வைத்தது. கைவிடப்பட்ட பெண்ணும் பிள்ளைகளும் தெருவுக்கு வந்து சட்டம் ஒழுங்குக்குத் தொல்லையாகிவிடக் கூடாது என்பதே அதன் கவலை. அந்தப் பிரிவே 1973இல் 125ஆம் பிரிவாயிற்று. 2024 ஜூலை முதல், பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று தமிழர் நாவில் நுழைய மறுக்கும் பெயருடைய சட்டத்தின் 144ஆம் பிரிவாகியிருக்கிறது. எண் இரு முறை மாறியது. அடிப்படை மாறவில்லை.

1955இல் மாதம் 500 ரூபாய் என்று வைத்த உச்சவரம்பு மத்தியச் சட்டத்தில் 2001 வரை நீடித்தது. சில மாநிலங்கள் மட்டும் தம்மளவில் அதை உயர்த்தின. நாற்பத்தாறு ஆண்டுகளில் அரிசி விலை எத்தனை மடங்காயிற்று என்பதைத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிறித்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டத்தில், வழக்குக் காலப் பராமரிப்பு கணவனின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் 2001இல்தான் நீங்கியது. இந்து திருமணச் சட்டத்தின் 24, 25ஆம் பிரிவுகளும் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 36, 37ஆம் பிரிவுகளும் வரம்பு விதிக்கவில்லை. ஆனால் அளவுகோலும் தரவில்லை. எல்லாம் நீதிபதியின் விருப்புரிமை.

ஷா பானு வழக்கு இந்த வரலாற்றின் நடுவில் நிற்கிறது. இந்தூரைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞரின் மனைவி. 1932இல் திருமணம். 43 ஆண்டுகள் கழித்து, 1975இல், வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். மணவிலக்குக்குப் பின்னர் மாஜிஸ்திரேட் அவருக்கு வழங்கியது மாதம் 25 ரூபாய். உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. 1985 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தபோது நாடே அமளிப்பட்டது. மதம், தனிநபர் சட்டம், சிறுபான்மையினர் உரிமை, பொது சிவில் சட்டம் என்று விவாதம் எல்லாத் திசைகளிலும் பறந்தது. 43 ஆண்டுக் குடும்ப உழைப்பின் பலனாக எழுந்த அந்த வீட்டில் அந்தப் பெண்ணுக்கு என்ன பங்கு என்ற கேள்வி அந்த இரைச்சலில் எழவேயில்லை. வகுப்புவாதிகளும் அடிப்படைவாதிகளும் 179 ரூபாய்க்காக மோதிக்கொண்டார்கள்!

ராஜீவ் காந்தி அரசு 1986இல் கொண்டுவந்த சட்டத்தை இடதுசாரிகள் நாடாளுமன்றத்தில் எதிர்த்தனர். அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்காமலேயே உச்ச நீதிமன்றம் 2001இல் அதற்குப் புதிய பொருள் கண்டது. இத்தா காலத்துக்குள் கணவன் செய்ய வேண்டிய நியாயமான ஏற்பாடு, அந்தப் பெண்ணின் எதிர்காலம் முழுமைக்கும் போதுமானதாக இருக்க வேண்டும் என்பதே அந்தப் பொருள். 2024 ஜூலை 10 அன்று, மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்ணும் 125ஆம் பிரிவின்கீழ் பராமரிப்புக் கோரலாம் என்று மீண்டும் உறுதிப்பட்டது. அத்தீர்ப்பில் நீதியரசர் பி.வி.நாகரத்னா, தனி வருமானமில்லாத மனைவிக்குக் கூட்டு வங்கிக் கணக்கும் ஏடிஎம் அட்டையும் கிடைக்கச் செய்வது கணவனின் பொறுப்பு என்று தனியே எழுதினார். இடையில், 2019ஆம் ஆண்டு முத்தலாக் தடைச் சட்டம் கணவனுக்கு மூன்றாண்டுச் சிறையை வகுத்தது; மனைவிக்குப் பிழைப்பூதியம் கொடு என்றும் சொன்னது. சிறையில் இருப்பவன் எதை வைத்துக் கொடுப்பான் என்பதை அந்தச் சட்டத்தை இயற்றியவர்கள்தான் விளக்க வேண்டும்.

ஒரு கணக்கு

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பார்ப்போம். கணவன் ஒரு பொதுத்துறை நிறுவனத் தொழிலாளி; பிடித்தம் போகக் கைக்கு வருவது 40,000 ரூபாய். மனைவி திருமணத்துக்கு முன்னர் தனியார் பள்ளியில் ஆசிரியை. முதல் குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவர். பதினெட்டு ஆண்டு மணவாழ்க்கை. கணவன் பெயரில் ஒரு வீடு. இன்றைய மதிப்பு 30 லட்சம், அடையாத கடன் 6 லட்சம். வருங்கால வைப்பு நிதியில் 8 லட்சம். ஆக, கடன் போக மிஞ்சும் சொத்து 32 லட்சம்.

இன்றைய சட்டத்தில் அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைக்கும்? கணவனின் நிகரச் சம்பளத்தில் 25 விழுக்காடு நியாயமானது என்று 2017ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று கூறியது. அது கட்டாய விதியன்று, ஆயினும் பல நீதிமன்றங்கள் அதை அடியொற்றுகின்றன. அதன்படி மாதம் 10,000 ரூபாய். பள்ளியில் மீண்டும் வேலை தேடிக்கொண்டால் அதுவும் குறையலாம். மறுமணம் செய்தால் அறவே நிற்கும். 32 லட்சம் முழுவதும் கணவனிடமே இருக்கும். அதிலிருந்து ஒரு பகுதியை மொத்தத் தொகையாகக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆனால் அதைக் கோருபவர் தம் உரிமையைக் கேட்பவராக அல்ல, கணவனின் வசதியைச் சுட்டிக்காட்டி மன்றாடுபவராகவே நிற்கிறார்.

சமப் பங்கு முறை இருந்தால் அவர் பெறுவது 16 லட்சம். வீட்டில் பாதியின் மதிப்பு 12 லட்சம், வைப்பு நிதியில் 4 லட்சம். பிள்ளைகளின் பராமரிப்பு இதற்கு வெளியே, தனிக் கணக்கு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வீட்டுக் கடனுக்கு மாதாமாதம் கட்டும் தவணையைக் காட்டி, தம்மால் கூடுதலாகப் பராமரிப்புக் கொடுக்க இயலாது என்று கணவன்மார் வாதிடுவது வழக்கம். பல நீதிமன்றங்கள் அதை ஏற்பதில்லை என்றாலும் வாதம் ஓயவில்லை. அதாவது, கணவனுக்கே சொந்தமாகப் போகிற வீடு, மனைவிக்கு வர வேண்டிய ஜீவனாம்சத்தையும் தின்கிறது. மணவிலக்கோடு குடும்ப ஓய்வூதியத்துக்கான தகுதியும் போய்விடுகிறது. பதினெட்டு ஆண்டு அந்த வேலைக்குத் துணைநின்றவருக்கு அந்த வேலையின் முதுமைப் பயனில் இடமில்லை.

சொத்து கணவன் பெயரில் இருப்பதாவது தெளிவான நிலை. கூட்டுக் குடும்பத்தில் அதுவும் இல்லை. வீடு மாமனார் பெயரில், நிலம் அண்ணன் தம்பிகளின் பெயரில், டிராக்டர் மைத்துனன் பெயரில் இருக்கும். கணவன் பெயரில் இருப்பது ஒரு பழைய மோட்டார் சைக்கிள். 1926இல் ருஷ்ய விவசாயிகளும் இதே காரணத்தைச் சொல்லித்தான் புதிய சட்டத்தை எதிர்த்தார்கள். ஒருவனுடைய மணவிலக்குக்காகக் குடும்பம் முழுவதன் மாடும் ஏரும் பிரிக்கப்படுவதா என்று கேட்டார்கள். வசிப்பிடத்தைப் பொறுத்தவரை இந்தியச் சட்டம் சிறிது முன்னேறியிருக்கிறது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவிக்குப் பகிர்ந்துவாழும் இல்லத்தில் வசிக்கும் உரிமையைத் தந்தது. அது மாமனார் பெயரிலுள்ள வீட்டுக்கும் பொருந்தக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தன் முந்தைய தீர்ப்பைத் தானே மாற்றிக் கூறியது. ஆனால் அது வசிக்கும் உரிமைதான், உடைமை உரிமையன்று.

கோவாவும் கிடப்பில் போன மசோதாவும்

சமப் பங்கு என்பது இந்திய மண்ணுக்கு ஒவ்வாத இறக்குமதி என்போர் கோவாவைப் பார்க்கட்டும். 1867ஆம் ஆண்டுப் போர்த்துக்கீசிய சிவில் சட்டம் அங்கே இன்றும் நடைமுறையில் உள்ளது. திருமணத்துக்கு முன்னர் வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் சொத்துகள் தம்பதியருக்குப் பொது. பிரிந்தால் ஆளுக்குப் பாதி. மனைவியின் ஒப்புதலின்றிக் கணவன் நிலத்தையோ வீட்டையோ விற்க இயலாது. அதேவேளையில் கோவாவைப் பொன்னுலகமாக வரைவதும் தவறு. பொதுச் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரத்தை அந்தச் சட்டம் கணவனிடமே விட்டிருக்கிறது. பாதிக்கு உரியவர் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கக்கூட முடியாத நிலை இதனால் உருவாகிறது.

நாடு தழுவிய முயற்சி ஒன்று ஏறத்தாழக் கைகூடி நழுவியது. மீளமுடியாத மணமுறிவை மணவிலக்குக்கான காரணமாக்கும் திருமணச் சட்டத் திருத்த மசோதா 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. கணவனின் அசையாச் சொத்திலிருந்து மனைவிக்கு ஈடு வழங்கும் விதி அதில் இருந்தது. எவ்வளவு என்பதை மீண்டும் நீதிபதியிடமே விட்டது அதன் குறை. மக்களவைக்கு அது வரவேயில்லை. 2014இல் அவை கலைந்ததும் காலாவதியாயிற்று. அதற்குப் பின்னர் வந்த அரசு அதைத் தொடவில்லை. 2018 ஆகஸ்டில் சட்ட ஆணையம் வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கை, திருமணத்துக்குப் பின்னர் ஈட்டிய சொத்தைத் தம்பதியரின் கூட்டுச் சொத்தாகக் கருத வேண்டும் என்று பரிந்துரைத்தது. பொது சிவில் சட்டம் இப்போதைக்குத் தேவையுமில்லை, விரும்பத்தக்கதுமில்லை என்று கூறியதும் அதே அறிக்கைதான். ஆளும் கட்சிக்கு அந்த இரண்டு கருத்துகளுமே உவப்பாக இல்லை.

உத்தரகண்டில் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்துள்ள பொது சிவில் சட்டத்தை இந்தக் கண்ணோட்டத்தில் எடைபோட வேண்டும். சேர்ந்து வாழும் இணையர்கள் பதிவுசெய்யத் தவறினால் சிறை என்பது வரை அது தனிவாழ்வுக்குள் நுழைகிறது. ஆனால் திருமண காலத்தில் ஈட்டிய சொத்தில் மனைவிக்குச் சமப் பங்கு என்ற ஒற்றை வரி அதில் இல்லை. பழைய பராமரிப்பு முறையே அங்கும். எல்லா மதத்துப் பெண்களுக்கும் ஒரேபோல மறுப்பதற்குச் சமத்துவம் என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

இதற்கிடையே, தமிழ்நாட்டிலிருந்து ஒரு தீர்ப்பு வந்தது. வெளிநாட்டில் வேலை பார்த்த கணவன் அனுப்பிய பணத்தில் இங்கே சொத்துகள் வாங்கப்பட்டன. மனைவி இங்கிருந்து வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். சொத்து முழுவதும் தனக்கே என்று கணவன் வழக்கிட்டார். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் கிருஷ்ணன் ராமசாமி, மனைவியின் வீட்டு உழைப்பு இல்லாமல் கணவனால் அந்தப் பணத்தை ஈட்டியிருக்க முடியாது, அந்த உழைப்பும் சொத்து வாங்கியதில் பங்களிப்பே என்று கூறி, குறிப்பிட்ட சொத்துகளில் சரிபாதியை வழங்கினார். இல்லத்தரசியின் பங்களிப்பை அங்கீகரிக்கும் சட்டம் இல்லை, ஆனால் அங்கீகரிக்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை என்பது அவர் வழி. ஒரு தனி நீதிபதியின் தீர்ப்புதான். என்றாலும், விபத்து வழக்குகளில் முடங்கிக் கிடந்த கணக்கு முதன்முறையாக உயிருள்ள மனைவியின் பக்கம் திரும்பியிருக்கிறது.

கோடிகளைப் பற்றிய கூச்சல்

2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் 5 கோடியும் இன்னொன்றில் 12 கோடியும் நிரந்தர ஜீவனாம்சமாக நிர்ணயித்தது. பெண்கள் மணவிலக்கைத் தொழிலாக்கிவிட்டார்கள் என்று சமூக ஊடகங்கள் பொங்கின. கட்சித் தோழர்களின் அலைபேசிகளிலும் அந்தப் பதிவுகள் வலம்வந்தன. சிலர் அவற்றைப் பகிரவும் செய்தனர். பொய்யான வழக்குகளே இல்லை என்று எவரும் சொல்லவில்லை. பொய் வழக்கில் சிக்கியவருக்கு நீதி கிடைக்க வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் பெருமுதலாளிகளின், மென்பொருள் செல்வந்தர்களின் மணவிலக்கை வைத்து நாட்டின் பெண்களை அளப்பது, தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் கார் வைத்திருக்கிறார் என்று கூலிப் போராட்டத்தைப் பழிப்பதற்கு ஒப்பானது.

மெய்ந்நிலை வேறு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மணவிலக்குப் பெற்றோர் ஏறத்தாழ 13.6 லட்சம் பேர்; சட்டப்படி முறிக்காமலே பிரிந்து வாழ்வோர் ஏறத்தாழ 35 லட்சம் பேர். இரு பிரிவிலும் பெண்கள் ஆண்களைப்போல் சுமார் இரு மடங்கு. ஆண் மறுமணம் செய்துகொண்டு பட்டியலிலிருந்து வெளியேறிவிடுகிறான், பெண் தங்கிவிடுகிறாள். பெரும்பாலோர் நீதிமன்றப் படியேறாமலே அண்ணன் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கிவிட்டவர்கள்.

பேச்சுவார்த்தை மேசையில்

சட்டம் மாறும்வரை காத்திருக்க இயலாது. கிளைச் செயலாளர்களிடமும் மாதர் சங்கத் தோழர்களிடமும் குடும்பச் சிக்கல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலான மணவிலக்குகளின் பொருளாதார நிபந்தனைகள் நீதிபதியின் முன்னால் அல்ல, அதற்கு முன்னர் நடக்கும் பேச்சில்தான் முடிவாகின்றன. அங்கே நடுவராக அமர்பவர் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, கணக்கைத் திறக்காமல் தொகையைப் பேசக் கூடாது. 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, பராமரிப்பு வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும். வேளாண் குடும்பங்களுக்கென்று தனிப் படிவமே உண்டு. பராமரிப்பு, மனுச் செய்த நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும் என்பதும் அத்தீர்ப்பே. நீதிமன்றத்துக்கு வெளியே பேசுபவர்களும் முதலில் இந்தப் படிவத்தைக் கணவனிடம் நீட்டட்டும். “மூன்று லட்சம் வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளம்மா” என்று தொடங்கும் நடுவர், தாம் எதிலிருந்து மூன்று லட்சம் என்று அறியாமலே தீர்ப்புச் சொல்கிறார்.

பெண்ணுக்குத் திருமணத்தில் வந்த நகையும் பாத்திரமும் இந்தப் பேரத்தில் சேராது. சீதனம் முழுக்க முழுக்கப் பெண்ணின் சொத்து, அது கணவன் வீட்டாரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் மட்டுமே என்று 1985இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அவருடைய நகையை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, அதை ஜீவனாம்சத்தில் கழிக்கும் தந்திரம் அன்றாடம் நடக்கிறது. பிள்ளைகளின் பராமரிப்பும் அப்படியே. தாய் கையெழுத்திட்டு அதை விட்டுக்கொடுக்க இயலாது; அது பிள்ளையின் உரிமை. “பிள்ளையைக் கேட்காதே, பணம் தருகிறேன்” அல்லது “பணம் கேட்காதே, பிள்ளையை வைத்துக்கொள்” என்ற பேரம் மேசைக்கு வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துவது நல்லது.

மொத்தத் தொகையா, மாதத் தொகையா என்பதற்கு ஒரே விடை கிடையாது. நிலையான சம்பளமுள்ளவரிடம் மாதத் தொகை ஓரளவு பாதுகாப்பானது. ஜீவனாம்சத் தீர்ப்பை நிறைவேற்றும்போது சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே சட்டப் பாதுகாப்பு, மீதியைப் பற்றுகைசெய்யலாம். வருங்கால வைப்பு நிதியை அப்படிப் பற்றுகைசெய்ய இயலாது என்பதையும் மறக்கக் கூடாது. கட்டட வேலைக்கும் ஓட்டுநர் வேலைக்கும் ஊர் ஊராகச் செல்பவரிடம் மாதத் தொகை காகிதத்தில்தான் இருக்கும். கிடைப்பது குறைவாக இருந்தாலும் மொத்தமாக, அதுவும் இறுதிக் கையெழுத்துக்கு முன்னரே வாங்கிவிடுவது மேல். பரஸ்பர ஒப்புதல் மணவிலக்கில் முதல் மனுவுக்கும் இறுதி ஆணைக்கும் இடையே பொதுவாக ஆறு மாதம் உண்டு. தவணைகளை அந்த இடைவெளிக்குள் அமைத்துக்கொள்ள முடியும். வழக்குகள் அனைத்தையும் முதல் நாளே வாபஸ் வாங்கிவிட்டு, பணத்துக்குப் பின்னர் அலையும் பெண்கள் ஏராளம்.

மாதத் தொகை நின்றுபோனால், நிலுவைக்கான மனுவை அது செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும். 125ஆம் பிரிவிலும் இன்றைய 144ஆம் பிரிவிலும் உள்ள இந்தக் காலவரம்பை அறியாமல் இழந்த தொகைகளுக்குக் கணக்கில்லை. கட்டத் தவறும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். சிறை சென்றதால் கடன் தீர்ந்துவிடுவதில்லை.

பாதியளவு சூனியம்

கடைசியாக, எளிதில் விடைகாண முடியாத ஒன்று. திருமணச் சொத்தில் சமப் பங்கு வேண்டும் என்பது ஜனநாயக மாதர் இயக்கத்தின் நெடுநாள் கோரிக்கை. அதற்குச் சட்டம் வேண்டும். அது எல்லா மதத்தினருக்கும் பொருந்த வேண்டும். கூட்டுக் குடும்பத்தின் பெயரில் மறைத்த சொத்தையும் கணவனின் பங்களவு அது எட்ட வேண்டும். அரசு வழங்கும் மனைப் பட்டாவும் வீடும் இருவர் பெயரிலும் இருந்தால் பாதிச் சண்டை தொடங்குமுன்பே முடிந்துவிடும். மேற்கு வங்கத்தில் 1978இல் தொடங்கிய குத்தகை விவசாயிகள் பதிவியக்கம் பெரும்பாலும் ஆண்களின் பெயரையே பதிந்தது. கூட்டுப் பட்டா பின்னர்தான் வந்தது.

ஆனால் நிலமும் வீடும் இல்லாத விவசாயத் தொழிலாளியின் மனைவிக்குச் சமப் பங்குச் சட்டம் எதைக் கொடுக்கும்? சூனியத்தில் பாதி சூனியமே. 1926 விவாதத்தின்போது அலெக்சாண்டிரா கொலந்தாய் இதைத்தான் எழுப்பினார். ஏழைக் கணவனிடமிருந்து ஜீவனாம்சத்தைப் பிடுங்குவதற்குப் பதிலாக, வயதுவந்தோர் அனைவரும் ஆண்டுக்கு இரண்டு ரூபிள் செலுத்தும் பொது நிதி ஒன்றை உருவாக்கி, அதிலிருந்து தனித்துவிடப்பட்ட தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் உதவலாம் என்றார். அன்று அது ஏற்கப்படவில்லை. நாட்டின் கையில் பணமில்லை என்பதும் ஒரு காரணம்.

இந்தியாவில் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியம் சில மாநிலங்களில் உண்டு. தமிழ்நாட்டில் 2023இல் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நீதிமன்றம் நிர்ணயித்த பராமரிப்பை அரசு முதலில் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, பின்னர் கணவனிடமிருந்து தானே வசூலித்துக்கொள்ளும் நிதி ஒன்று இங்கே இல்லை. வங்கிக் கடனை வசூலிக்கத் தீர்ப்பாயங்கள் வைத்திருக்கும் அரசு, வாரண்டைக் கையில் வைத்துக்கொண்டு காவல் நிலைய வாசலில் நிற்கும் பெண்ணிடம் மட்டும், கணவன் இருக்குமிடத்தை நீயே கண்டுபிடித்துச் சொல் என்கிறது. சமப் பங்குக் கோரிக்கையோடு இந்த நிதிக்கான கோரிக்கையையும் சேர்த்தே எழுப்பினால்தான் விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கும் அது தன் கோரிக்கையாகத் தோன்றும். வரவிருக்கும் கிளைக் கூட்டங்களில் தோழர்கள் இதை விவாதித்துக் கருத்துகளை எழுதி அனுப்ப வேண்டும்.